கிறுக்கட்டும், விடுங்கள்!

ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். கூடத்துச் சுவரைப் பார்த்தாலே போதும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் பென்சில், கிரேயான், அம்மாவின் கண்மை என்று சகலமும் அங்கே அரங்கேறியிருக்கும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு. "கையை உடைச்சுடுவேன்! இனிமே பென்சிலைத் தொட்டே, பாரு!" இந்தக் குரல் கேட்காத தெரு உண்டா?

சகோதரிகளே, அந்தச் சுவர்க் கிறுக்கலுக்கும், நாளைக்கு அதே குழந்தை சொந்தமாக நாலு வரி எழுதுவதற்கும், ஓடாத மிக்ஸியைப் பார்த்து 'ஏன் ஓடலே?' என்று யோசிப்பதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 'படைப்பாற்றல்' என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எனக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான்: ஒரு விஷயத்தைத் தானாக யோசித்து, தன் கையால் செய்து பார்ப்பது. இது ஓவியராகப் போகிற குழந்தைக்கு மட்டும் வேண்டியதல்ல. தையல் கடை வைப்பவருக்கும் வேண்டும், டாக்டருக்கும் வேண்டும். அடுப்படியில் நிற்கும் நமக்கும்தான் வேண்டும். மிஞ்சிய இட்லியை உப்புமா ஆக்கிய முதல் புண்ணியவதி யாரோ, அவளிடம் அது நிறையவே இருந்திருக்கிறது!

இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், நாத்தனார் மகளையும் மூன்று வருஷம் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவள் என்ற உரிமையில், பார்த்ததையும் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கிறுக்கலுக்கும் ஒரு கணக்கு உண்டு

குழந்தைகளின் படங்களைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் விக்டர் லோவன்ஃபெல்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். 1947-ல் அவர் எழுதிய புத்தகத்தில், குழந்தையின் சித்திரம் படிப்படியாக வளர்கிறது என்று விளக்கியிருக்கிறார்.

சுமார் இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை கிறுக்கல் பருவம். முதலில் தாறுமாறான கோடுகள். பிறகு கை கொஞ்சம் வசப்பட்டதும் மேலும் கீழுமாக, அப்புறம் சுழி சுழியாக. ஒருநாள் அந்தச் சுழியைக் காட்டி, "இது அப்பா" என்று குழந்தை சொல்லும். அன்றைக்கு நீங்கள் பாயசமே வைக்கலாம்! கோடு ஒரு ஆளைக் குறிக்கும் என்பது அதற்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு 'அ' என்ற எழுத்து ஒரு ஒலியைக் குறிக்கும் என்று புரிவதற்கு இதுதான் முதல் படி.

நாலு வயதுவாக்கில் வரும் மனிதனைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வட்டமாகத் தலை, அதிலிருந்தே நேராக இரண்டு கால். உடம்பே இருக்காது. "வயிறு எங்கேடா?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். உலகம் முழுக்கக் குழந்தைகள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால், வீடு வரைந்து சுவரைத் தாண்டி உள்ளே பாட்டி உட்கார்ந்திருப்பதையும் காட்டுவார்கள். பாட்டி ரொம்பப் பிரியம் என்றால் வீட்டைவிடப் பாட்டி பெரியவளாக இருப்பாள். கண் பார்த்ததை அல்ல, மனசுக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைகிறது. அதைப் பிடுங்கி நாம் 'சரியாக' வரைந்து கொடுத்தால், 'நமக்கு வராது, அம்மாவுக்குத்தான் வரும்' என்ற பாடத்தை மட்டும்தான் அது படித்துக்கொள்ளும்.

அச்சடித்த படத்துக்குள் கோடு தாண்டாமல் கலர் அடிக்கிற புத்தகங்களை லோவன்ஃபெல்டு ஆதரிக்கவில்லை. எப்போதாவது பொழுதுபோக்குக்கு இருக்கட்டும். தினமும் அதுவே என்றால், குழந்தை சொந்தமாக ஒரு கிளி போட யோசிக்காது. 'புத்தகத்துக் கிளி மாதிரி வரலையே' என்று தயங்கும்.

சிவப்பு மைக் கோடு

வீட்டில் இப்படி ஆசையாக வளர்கிற குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போனதும் என்ன ஆகிறது? என் இளைய மகன் விஷயத்தைச் சொல்கிறேன்.

அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது 'மழை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். டீச்சர் போர்டில் பத்து வரி எழுதிப் போட்டிருந்தார். இவன் இரண்டு வரியை அதில் பார்த்து எழுதிவிட்டு, மூன்றாவது வரியாக, 'மழை வந்தால் தாத்தாவின் சைக்கிள் சோப்பு இல்லாமல் குளிக்கும்' என்று சொந்தமாக எழுதியிருந்தான். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் கோடு. கீழே, 'போர்டில் உள்ளதை 5 முறை எழுதவும்.'

எழுதிக்கொண்டு போனான். அழவில்லை. ஆனால் அதற்கப்புறம் எது எழுதச் சொன்னாலும், "போர்டிலே எழுதிப் போடலையேம்மா, எப்படி எழுதறது?" என்று கேட்க ஆரம்பித்தான். ஊரிலிருந்த சித்தப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து எழுதக்கூட, "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றான். வாய் ஓயாமல் கதை சொல்லும் பிள்ளை! "எனக்கு எழுத வராதும்மா" என்று அவன் சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது. மார்க் குறைந்திருந்தால் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். மார்க்கை அடுத்த பரீட்சையில் பிடித்துவிடலாம். 'எனக்கு வராது' என்று ஏழு வயதில் ஒரு குழந்தை முடிவு கட்டிவிட்டால் யார் வந்து மாற்றுவது?

டீச்சரைப் பார்க்கப் போனேன். சண்டை போட அல்ல. சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மேஜை மேலே நோட்டு மலை. "நீங்களே பாருங்கம்மா. ஐம்பத்திரண்டு பசங்க. இன்ஸ்பெக்ஷன் வந்தா எல்லா நோட்டும் ஒரே மாதிரி இருக்கணும்பாங்க. ஒருத்தன் வேற மாதிரி எழுதினா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அந்த வரியை மறுபடி படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று மெதுவாகச் சிரித்தார். அவருக்கும் மனசு இருக்கிறது, நேரம்தான் இல்லை.

"டீச்சர், நோட்டிலே கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் அவனுக்கு விட்டுடுங்க. அவன் இஷ்டத்துக்கு எழுதட்டும். நீங்க திருத்த வேண்டாம், மார்க்கும் வேண்டாம். படிச்சதுக்கு ஒரு டிக் மட்டும் போட்டா போதும்" என்று கேட்டேன். சம்மதித்தார்.

மூன்று வாரம் அந்தப் பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன. நான் கேட்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. நாலாவது வாரம் ஒரே ஒரு வரி: 'இன்று என் பேனாவுக்கு லீவு.' பக்கத்தில் டீச்சர் ஒரு டிக் போட்டு, 'எனக்கும் லீவு வேண்டும்' என்று எழுதியிருந்தார்! அன்று சாயங்காலம் அவன் அந்த நோட்டைத் தெரு முழுக்கக் காட்டினான். வருஷக் கடைசியில் வகுப்பிலே பாதிப் பேருக்குக் 'கடைசிப் பக்கம்' இருந்தது.

அவன் எழுத்தாளனாகிவிட்டான் என்று நினைக்காதீர்கள். பாலிடெக்னிக் படித்துவிட்டு ஒர்க் ஷாப்பில் இருக்கிறான். ஆனால் ஒரு சாமான் பழுதானால், "புதுசு வாங்கும்மா" என்று சொல்ல மாட்டான். கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவான். எனக்கு அது போதும்.

வேறு மாதிரிப் பள்ளிகள்

பிள்ளைகளின் போக்கிலேயே சொல்லிக்கொடுக்க முடியும் என்று செய்து காட்டியவர்கள் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். சின்ன நாற்காலி, சின்ன மேஜை, குழந்தைக்கு எட்டுகிற அலமாரி, கையால் தொட்டு உணரும் கருவிகள் என்று எல்லாமே குழந்தையின் அளவுக்கு. 1939-ல் அவர் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் இருந்தார்.

குஜராத்தில் பவநகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் கிஜுபாய் பதேக்கா. 1920-ல் சிறுவர் பள்ளி தொடங்கினார். ஓர் ஆசிரியர் நாலாம் வகுப்பை ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு கதை, விளையாட்டு, நாடகம் என்று பாடம் நடத்துவதைக் கதைபோல எழுதினார். 'பகற்கனவு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. ஜப்பானின் பிரபல தொலைக்காட்சி நட்சத்திரம் டெட்சுகோ குரோயானகி 1981-ல் எழுதிய 'டோட்டோ-சான்' புத்தகமும் தமிழில் கிடைக்கிறது. முதல் வகுப்பிலேயே 'இவளைச் சமாளிக்க முடியாது' என்று ஒரு பள்ளியில் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த பள்ளியின் தலைமை ஆசிரியர் கோபயாஷி, அந்தக் குட்டிப் பெண் பேசுவதை நாலு மணி நேரம் குறுக்கிடாமல் கேட்கிறார். ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறை! எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்பது பிள்ளைகள் இஷ்டம். இரண்டு புத்தகங்களையும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மத்தியானத் தூக்கத்தை மறந்துவிடுவீர்கள்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. செயல்வழிக் கற்றல் முறையை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். சுவரைச் சுற்றிலும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது அந்தக் கரும்பலகைதான். கிறுக்குவதற்கென்றே குழந்தைக்கு ஓர் இடம்! 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும், பிள்ளைகள் பயமில்லாமல், தாங்களே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆகவே டீச்சரிடம் நாம் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பணிவாக, தனியாக, நிறைவேற்றக்கூடிய ஒரு சின்ன விஷயமாகக் கேளுங்கள். குழந்தையின் எதிரில் டீச்சரைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, 'ப்ராஜெக்ட்' என்ற தலைவலி. ஸ்டேஷனரி கடையில் அச்சடித்த படம் வாங்கி, தெர்மாகோல் வெட்டி, ராத்திரி பதினோரு மணி வரை அம்மா ஒட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் இருந்தபோது, "நீ செய்யறதைச் செய். கத்தி பிடிக்கிற வேலை மட்டும் நான்" என்று சொல்லிவிட்டேன். அவள் செய்த காற்றாலை சாய்ந்துதான் நின்றது. ஆனால் ஏன் சுற்றுகிறது என்று டீச்சர் கேட்டபோது, பதில் சொன்னது அவள்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

காசு செலவழிக்க வேண்டியதே இல்லை.

ஒரு மூலை: சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டிவிடுங்கள். "இது உன் சுவர். மற்றது வீட்டுக்காரர் சுவர்" என்று சொல்லுங்கள். இரண்டு தடவை மீறினாலும் மூன்றாம் தடவை புரிந்துகொள்ளும். தடிமனான கிரேயான் சின்னக் கைக்கு வசதி.

ஒரு பெட்டி: காலி நூல்கண்டு, தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை, துணி வெட்டு, ஐஸ்கிரீம் குச்சி, கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். மழைநாளில் அந்தப் பெட்டி படுகிற பாட்டைப் பாருங்கள்!

விளையாட்டு மாவு: மைதா 2 டம்ளர், உப்புத் தூள் 1 டம்ளர், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். மஞ்சள் தூள் ஒரு உருண்டைக்கு, பீட்ரூட் சாறு இன்னொன்றுக்கு. மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். இதை உருட்டி, தட்டி, கிள்ளும்போது விரல்களுக்கு வலு ஏறும். பென்சில் பிடிக்க அது உதவும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ண வித்தை: ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்குகிறோமே, அதைக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா. "ஏம்மா?" என்று கேட்கும். உடனே விடை சொல்லாமல், "வேற எதை ஊத்திப் பார்க்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். சுண்ணாம்பை மட்டும் நீங்களே கையாளுங்கள்.

கோலம்: நம்மிடமே இருக்கும் பெரிய பள்ளிக்கூடம் இது. 7 புள்ளி வைத்து 4 வரை இடுக்குப் புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை? 4, 5, 6, 7, 6, 5, 4 என்று கூட்டினால் 37. கணக்கு தானாக வரும். அதே புள்ளியில், "நோட்டுலே இல்லாத கோலம் ஒண்ணு நீ போடு" என்று வாசலில் ஓர் ஓரத்தைக் கொடுங்கள். ஆண் பிள்ளைக்கும்தான்.

கதை: என் மாமியார் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "வெற்றிலை போட்டுட்டு வரேன், அதுக்குள்ள நரி என்ன செஞ்சிருக்கும்னு யோசிச்சு வை" என்று எழுந்துபோவார். மூன்று பிள்ளைகளும் மூன்று முடிவு சொல்லும். "இப்ப நாலு கதை ஆச்சு" என்பார். எந்தக் கல்லூரியில் இதைப் படித்தாரோ!

ஓலையும் இலையும்: பூவரச இலையைச் சுருட்டி ஊதல், பனை ஓலைக் காற்றாடி, தென்னங்கீற்றுக் கைக்கடிகாரம், நுங்கு வண்டி எல்லாம் நம் தாத்தாக்கள் கையில் இருந்தவை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் பிள்ளைகளைத் தாத்தாவிடம் விட்டுவிடுங்கள்.

பரிசு ஆசை காட்டலாமா?

"அழகா வரைஞ்சா சாக்லேட்" என்று சொல்கிறோமே, அது நல்லதா? 1973-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்சரிப் பள்ளியில், வரைவதில் ஆசையுள்ள குழந்தைகள் சிலரிடம், "வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைப்போல் பாதி நேரம்தான் வரைந்தார்களாம். விளையாட்டு வேலையாகிவிட்டது! எதிர்பாராமல் வாங்கிய குழந்தைகளுக்குக் குறையவில்லை.

ஆகவே விலை பேச வேண்டாம். "ரொம்ப அழகு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த யானைக்கு ஏன் பச்சைக் கால்? சொல்லேன்" என்று உட்கார்ந்து கேளுங்கள். "என்னது இது?" என்று கேட்டால் குழந்தைக்கு முகம் சுருங்கும். "இதைப் பத்தி எனக்குச் சொல்லு" என்றால் மலர்ந்துவிடும். படத்தில் தேதி எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அண்ணன் படத்தோடு தம்பி படத்தை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

செல்போனும் சும்மா இருப்பதும்

"போரடிக்குதும்மா" என்றதும் போனை நீட்டுகிற பழக்கம் வேண்டாம். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. போரடிப்பது ஒரு வியாதி அல்ல. கால் மணி நேரம் முனகும். பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு பஸ் ஓட்ட ஆரம்பிக்கும். பாட்டு கிளாஸ், ஹிந்தி கிளாஸ், அபாகஸ் என்று சாயங்காலத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் அந்த பஸ் கிளம்பவே கிளம்பாது.

கவனம் தேவை

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையின் கையில் பாசிமணி, பட்டன், சின்ன மூடி கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். பொம்மை, ரிமோட்டில் உள்ள பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெயர் தெரியாத மலிவு வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கு மஞ்சளும் பீட்ரூட்டுமே போதும். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்கிறீர்களா? தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. நீங்கள் கீரை ஆயும்போது பக்கத்தில் ஒரு உருண்டை மாவு, கோலம் போடும்போது ஓரமாக நாலு புள்ளி, படுக்கப் போகும்போது பாதிக் கதை. அவ்வளவுதான். சுவரை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொள்ளலாம். குழந்தையின் கையில் இருக்கிற கிரேயானை மட்டும் பிடுங்காதீர்கள்!